டூலன் துரை கப்பலேறினார்

காப்பார், ஆவணி 1927

ஐயா அவர்களுக்கு, கதிரேசன் வணங்கி எழுதுவது. அம்மாவுக்கு மூச்சிரைப்பு தணிந்ததா? நான் சுகம்.

எங்கள் ரப்பர் தோட்டத்து மேனேஜர் டூலன் துரை நேற்று அயர்லாந்துக்குக் கப்பலேறினார். அவருடைய தாத்தா, அப்பா, அண்ணன் எல்லாரும் அந்த ஊர்ப் பிரதிநிதிகளாகச் சட்டசபையில் இருந்தவர்கள். போன மாதம் அண்ணனைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அந்த இடத்துக்கு இவர்தான் தேர்தலில் நிற்கவேண்டுமென்று வீட்டிலிருந்து தந்தி. வழியனுப்பத் துறைமுகம்வரை போனேன்.

"கிராணி, எனக்கு ரப்பர்தான் தெரியும்" என்று கணக்கெழுதும் என்னிடம் தமிழிலேயே சொன்னார். மூன்று தீக்குச்சி கிழித்தும் சுருட்டு பற்றவில்லை. நான்தான் பற்றவைத்துக் கொடுத்தேன்.

பெரியப்பா வெட்டுப்பட்டுச் செத்த பிறகு, அவர் பார்த்த ஊர் மணியக்காரர் பதவிக்கு நான் வரவேண்டுமென்று எழுதியிருந்தீர்கள். நான் வரவில்லை, ஐயா.

தபால் பை கட்டுகிறார்கள். கோபமிருந்தாலும் அம்மாவிடம் சொல்லிக் கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்புங்கள்.

கதிரேசன்