சித்தேரி பஸ்ஸில் படித்த கடல் கதை

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. சுகர் மாத்திரை தீர்ந்தது.

சித்தேரியிலிருந்து பொன்னி போன். இருபது வருஷம் கழித்து! நம்பரை யாரிடம் வாங்கினாளோ. மகள் தருமபுரியில் பி.ஏ. இங்கிலீஷ் படிக்கிறாளாம். அன்று பஸ்ஸில் நான் படித்துக் காட்டிய கதை அவளுக்குப் பாடமாம். "அதுல முடிவு வேற மாதிரி இருக்குதாமுங்க டீச்சர்."

வியாழக்கிழமை நேரில் வருகிறாள். என்ன சொல்வது?

நவம்பர் 5, புதன்

மழை வலுத்துவிட்டது. கடைக்குப் போகவில்லை. அந்த இரண்டு நாளே நினைப்பு.

சித்தேரி பள்ளியில் வேலை பார்த்த காலம். மலைப்பாதையில் முன்னும் பின்னும் மண் சரிந்து, நடுவில் எங்கள் பஸ். பதினாறு பேர். மழைத்தண்ணீரை டிபன் மூடியில் பிடித்துக் குடித்தோம். பொன்னி தன் களி உருண்டையைக் கிள்ளிக் கிள்ளி எல்லோருக்கும் கொடுத்தாள். அந்த ருசி அப்புறம் வாய்க்கவேயில்லை. ஈரத் துணி வாசம், டிரைவரின் பீடி. அவள் மடியில் கைக்குழந்தை, அனலாய்க் காய்ச்சல்.

மேலே பாறை உருளும் சத்தம். எல்லோரும் பஸ் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் பையில் ஒரு பழைய மொழிபெயர்ப்பு நாவல். கப்பல் உடைந்து, நாலு பேர் சின்னப் படகில், குடிக்கத் தண்ணீர் இல்லாமல். உரக்கப் படித்தேன். அதில் வரும் சின்னவன் பிழைப்பானா என்று கண்டக்டர் கேட்டபடியே இருந்தார்.

புத்தகத்தில் பிழைக்கவில்லை. கரை தெரியும் தூரத்தில் அலை கொண்டுபோய்விடும். நான் கரையேற்றிவிட்டேன். மணலில் விழுந்து அழுதான் என்றெல்லாம் சேர்த்துச் சொன்னேன்.

மறுநாள் பாதை திறந்தது. குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் காய்ச்சல் இறங்கியது. அந்தக் குழந்தைதான் இப்போது பி.ஏ.

நவம்பர் 6, வியாழன்

வெயில். பதினொரு மணிக்குப் பொன்னி. தலை பாதி நரை. ஒரு பை சாமை, ஒரு பாட்டில் தேன்.

அவள் உட்காருவதற்குள் சொல்லிவிட்டேன், அன்று சொன்னது பொய் என்று. மகள்தான், டீச்சர் ஏன் முடிவை மாற்றினார்கள் எனக் கேட்டுவரச் சொன்னாளாம். முடிவு மாறியதில் பொன்னிக்கு ஆச்சரியமே இல்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க. படிக்கறப்ப எல்லாம் கண்ணு பொஸ்தகத்துல இருந்துச்சு. அவன் கரையேறுனான்னு சொன்னப்ப மட்டும் எம்புள்ள மூஞ்சியப் பாத்தீங்க."

தேன் பாட்டிலை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

"தெரிஞ்சுதானுங்க டீச்சர் நம்புனேன்."

இரண்டு பேரும் சாப்பிட்டோம். ரசத்தில் உப்பு போட மறந்திருக்கிறேன். அவள் சொல்லவே இல்லை.