கடலைத் தோலும் கண்ணளவும்

மாப்ளே,

இன்று காலை ஒன்பது மணிக்கு மிக்சியிலிருந்து புகை வந்தது. கருகிய ரப்பர் வாடை அடுக்களையைத் தாண்டி வாசல்வரை போனது. கூடத்தில் உன் படத்துக்கு மாலை கட்டிக்கொண்டிருந்த உன் அக்கா, எழுந்துகூட வராமல், "கடலையத்தான் போட்டீங்களா?" என்று கேட்டாள். எரிகிற வாடையை வைத்தே உள்ளே என்ன அரைபடுகிறது என்று சொல்லும் அளவுக்கு எங்களைப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறாய்.

இன்று உனக்கு முதல் வருஷ நினைவு. சோறு, சாம்பார், வடை, பாயசம், நீ விரும்பிச் சாப்பிடும் அவரைக்காய்ப் பொரியல் என்று படையலுக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தேன். உன் அக்கா கேட்டுவிட்டு, "அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன். நீங்க அந்த ஹம்முஸ மட்டும் செஞ்சிருங்க" என்றாள். வாழையிலையில் வடைக்குப் பக்கத்தில் ஹம்முஸ். சரி, உனக்காக அதுவும் ஆகட்டும் என்றேன். அடுத்து ஒன்று சொன்னாள் பார். "நாக்குல வச்சுப் பாக்கப்படாது. படைச்ச பொறவுதான் யாரும் வாயில வைக்கணும்."

ருசி பார்க்காமல் ஹம்முஸ் செய்ய வேண்டும். கேள்வித்தாளைப் பார்க்காமல் பரீட்சை எழுது என்பது போல இருந்தது எனக்கு.

அரபு நாட்டுக்காரர்கள் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் அந்த விழுதில் சேர்வது மொத்தம் ஆறு பொருள். வேகவைத்த வெள்ளைக் கொண்டைக்கடலை, வெள்ளை எள்ளை அரைத்த விழுது, எலுமிச்சைச் சாறு, பூண்டு, உப்பு, மேலே ஊற்ற ஆலிவ் என்கிற ஒலிவ எண்ணெய். நம் தேங்காய்ச் சட்னிக்கே தாளிப்போடு சேர்த்து எண்ணினால் இதைவிடக் கூடுதல் வரும். இந்த ஆறை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் இன்னொரு மனிதனை நான்கு மாதம் படுத்தி எடுக்க முடியும் என்று உன்னைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பத்தொன்பது வருஷம் மஸ்கட்டில் ஓட்டல் அடுக்களையில் இருந்துவிட்டு நீ திரும்பி வந்தபோது, மறையூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துத் தனியாகத் தங்கினாய். அதற்கு முன்பே உன் அக்கா எஸ்டேட் லய வீடுகளில் இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும், "எந் தம்பி அங்க பெரிய மாஸ்டரு" என்று சொல்லி வைத்திருந்தாள். காந்தலூர் சாலையில் புதிதாகத் திறந்த விடுதியின் மேலாளர் காதுக்கும் அது எட்டியது. அரபு நாட்டுச் சாப்பாடு செய்ய ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஹம்முஸ் ஒன்றைச் சரியாகச் செய்துகாட்டினால் அந்த அடுக்களையே உன் பொறுப்பு என்றார். ஐம்பது வயதுக்கு மேல் சொந்த மண்ணில் உனக்கு ஒரு வேலை. அந்த ஒத்திகைதான் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் நடந்தது.

தூக்குவாளியில் ஊறிய கடலையோடு வருவாய். அடுப்பில் ஏற்றுவாய். சட்டைப்பையிலிருந்து இருமல் மருந்துப் புட்டியின் பழைய மூடி ஒன்றை எடுத்து, அதில் சோடா உப்பை அளந்து கொதிநீரில் போடுவாய். நுரையை வழிப்பாய். ஒரு கடலையை எடுத்துப் பெருவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்குவாய். சுட்டுவிரலுக்கு வலு அதிகம், அது வேகாததையும் நசுக்கிவிடும், மோதிர விரல் சோம்பேறி, அதற்கே மசிந்தால்தான் வெந்தது என்பாய். பிறகு பச்சைத் தண்ணீரில் கொட்டி, இரண்டு கையாலும் அலசி அலசித் தோலை மிதக்கவிட்டு, கோழி இறகு போல அள்ளி எறிவாய். ஒட்டிக்கொண்டிருப்பதை ஒவ்வொன்றாகக் கிள்ளுவாய். முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரமும் நான் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தேன். நீ இன்னும் சமையலையே தொடங்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மிக்சி பக்கம் நீ திரும்பியதும் நான் நோட்டுப் புத்தகத்தைத் திறப்பேன்.

"எள்ளு எவ்வளவு மாப்ளே?"

"கண்ணளவுதான் அத்தான்."

"போன வாரக் கண்ணா, இந்த வாரக் கண்ணா?"

"ரெண்டும் எங்கண்ணுதான்."

ஒரு வாரம் எலுமிச்சை தூக்கலாகிப் பல் கூசியது. ஒரு வாரம் எள்ளைச் சிவக்க வறுத்துவிட்டாய். கசப்பு மறுநாள்வரை போகவில்லை. காந்தலூர்ப் பூண்டு காரம் என்று தெரிந்தும் எட்டுப் பல் போட்டாய். மருந்துக் கடையில் ஒலிவ எண்ணெய் வாங்கி வந்தாய், உன் அக்கா புட்டியைத் திருப்பிப் பார்த்து, "ஏல, இது பச்சப் பிள்ளைக்குத் தேச்சு விடுத எண்ண. இதத் தின்னுட்டு நாங்க தொட்டில்ல படுக்கவா?" என்றாள். தண்ணீர் ஊற்றாமல் கெட்டியாக அரைத்து இரண்டு முறை மோட்டாரைப் புகைத்தாய். மிக்சி பழுதுபார்ப்பவர் என்னைத் தெருவில் கண்டாலே, "சார், கடலையா?" என்று விசாரிக்கத் தொடங்கினார்.

எனக்குப் பொறுமை அதிகம் என்று பள்ளியில் பெயர். பின்னக் கணக்கை ஏழு முறை ஏழு விதமாகச் சொல்லிக்கொடுத்தவன் நான். ரொட்டியை வெட்டிக் காட்டி, கரும்பை ஒடித்துக் காட்டி, கடைசியில் என் துண்டையே மடித்துக் காட்டிப் புரியவைத்திருக்கிறேன். அந்தப் பொறுமை முழுவதையும் நீ ஒரு கிண்ணத்தில் தீர்த்தாய். ஓர் அளவு சொன்னால் முடிந்தது. சொல்ல மாட்டாய். ரகசியம் காக்கிறான், அக்கா வீட்டுக்காரனிடம்கூடத் தொழிலை ஒளிக்கிறான் என்று உள்ளுக்குள் எரிந்தேன்.

சில பிள்ளைகள் கணக்கின் முதல் வரியை அச்சடித்தது போல எழுதுவார்கள். அடிக்கோடு போடுவார்கள். பிறகு கடைசி வரியில் எங்கிருந்தோ ஒரு விடை வந்து குதிக்கும், ஒவ்வொரு முறையும் வேறு விடை. அவர்களுக்குத் தெரிந்தது அந்த முதல் வரி மட்டும்தான். முப்பத்திரண்டு வருஷத்தில் அப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஒருநாளும் அவர்களை எழுப்பி நிறுத்தி எல்லோர் முன்னாலும் கேட்டதில்லை. பெஞ்சுக்குப் பக்கத்தில் குனிந்து, மெதுவாகத்தான் கேட்பேன். இதெல்லாம் தெரிந்த வாத்தியார், தன் வீட்டு அடுக்களையில் நின்றவனைப் பார்த்து எதையும் கண்டுகொள்ளவில்லை.

மேலாளர் ருசி பார்க்க வந்த ஞாயிறு உனக்கு நினைவிருக்கும். சலவைச் சட்டை போட்டிருந்தாய். கடலை வெண்ணெய் போல வெந்திருந்தது. ஆனால் பூண்டு மறுபடியும் தூக்கல். அவர் நல்ல மனிதர், முகம் சுளிக்கவில்லை. குப்பூஸ் ரொட்டியைக் கிள்ளித் தொட்டுத் தின்றுவிட்டு, "கொள்ளாம் சேட்டா. இதில் எள்ளு விழுது எத்ர சேர்க்கும்?" என்று மலையாளத்தில் பாராட்டிவிட்டு எள்ளின் அளவை மட்டும் கேட்டார்.

நீ வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அதத்தான் சார் நாலு மாசமா நானும் கேக்குதேன். சொல்ல மாட்டேங்கான். ஏன் மாப்ளே, அங்க நெசமாவே நீ இதச் செஞ்சிருக்கியா, இல்லையா?"

வேடிக்கையாகத்தான் கேட்டேன் என்று இன்றுவரை எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அதில் நான்கு மாத எரிச்சலும் இருந்தது.

நீ தரையைப் பார்த்தாய். பிறகு சொன்னாய். "ஊறப் போடுவேன் அத்தான். வேக வைப்பேன். தோல எடுப்பேன். அதுக்குப் பொறவு பாத்திரத்த உள்ள குடுத்துருவேன். அரைக்கிறது வேற ஆளு. அங்க நம்மள விட மாட்டாவ."

உன் அக்கா கையில் காப்பித் தம்ளரோடு நின்றாள். மேலாளர், பிறகு தகவல் சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். நீ பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போனாய்.

இரண்டு நாள் உன் அக்கா என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு போடும்போது சொன்னாள். "பென்சன் வாங்கியும் பரிச்ச வைக்கிற புத்தி போவல ஒங்களுக்கு. தோல எடுக்க ஆள் இல்லைன்னா அந்த மாஸ்டரு என்னத்த அரைப்பானாம்?" நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். சாப்பிட்டேன் என்று சொல்ல முடியாது.

அடுத்த ஞாயிறு நீ வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு தூக்குவாளியோடு வந்தாய். நான் சொல்ல வேண்டியதை ஒரு வாரமாக மனத்தில் எழுதி அடித்து எழுதி வைத்திருந்தேன். "மாப்ளே, அன்னைக்கி நான்..." என்று ஆரம்பித்ததுமே, "கடல ஊறி ரொம்ப நேரமாச்சு அத்தான். அடுப்புல ஏத்தணும். நீங்க அளந்து போடுங்க, நான் தோல எடுக்குதேன்" என்றாய். மன்னிப்புக் கேட்பதற்குப் பதில் கரண்டியை எடுத்தேன். அதையும் கேட்க விடாத உன்னை நான் என்ன செய்வது?

அதன்பின் நடந்த ஞாயிறுகள் வேறு மாதிரி. நான் கரண்டியால் அளந்து போடுவேன், நோட்டில் குறிப்பேன். நீ ஒரு விரல் தொட்டு நக்கி, "இல்ல" என்பாய். மறு வாரம், "பக்கத்துல வந்துட்டு" என்பாய். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். இந்த முறை மெதுவாகத்தான் கேட்டேன்.

"அரைச்ச பாத்திரம் கழுவ நம்மகிட்டதான அத்தான் வரும். ஓரத்துல ஒட்டுனத வழிச்சுத் தின்னுருக்கேன். பத்தொம்போது வருசம்."

ஐந்தாவது ஞாயிறு நீ தொட்டு நக்கவில்லை. விரலுக்குப் பதில் குப்பூஸை எடுத்தாய். கிண்ணம் காலியானபோதுதான், "அதான்" என்றாய். நான் அந்தப் பக்கத்தில் இரண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டேன். கடலை இரண்டு தம்ளர், எள் விழுது நான்கு கரண்டி, காந்தலூர்ப் பூண்டு ஒரே பல், அதுவும் எலுமிச்சைச் சாற்றில் கொஞ்ச நேரம் ஊறியது, ஐஸ் தண்ணீர் மூன்று கரண்டி. இதை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போ, வேலை உனக்குத்தான் என்று குதித்தேன். "அங்க வேற ஆள் வந்துட்டாங்க அத்தான். காய் நறுக்க, தோல் உரிக்க என்னியக் கூப்பிட்டிருக்காவ. நாளைல இருந்து போறேன். இது நம்ம வீட்டுக்கு இருக்கட்டும்" என்றாய். மறுபடியும் எனக்குக் கோபம் வந்தது. நீ கோபப்பட வேண்டியதற்கெல்லாம் நான்தான் படவேண்டியிருந்தது.

ஏழு மாதம் அந்த வேலைக்குப் போனாய். பிறகு ஒரு காலையில் மார்வலி. உடுமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே, சின்னாறு தாண்டுவதற்குள், முடிந்துவிட்டது.

இன்று காலை அந்த நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வரி பிசகாமல் எல்லாவற்றையும் போட்டேன். கடலையைக் குக்கரில் ஆறு விசில் விட்டு, தண்ணீர் வடித்து, பாதியை மிக்சியில் கொட்டினேன். உறுமியது, திணறியது, புகைந்தது. ஜாரைத் திறந்தால் வடைமாவு. நாக்கில் வைக்கத் தேவையே இல்லை, கண்ணுக்கே தெரிந்தது. விழுது முழுக்கக் கண்ணாடிச் செதில் மாதிரி தோல்.

நோட்டைப் புரட்டினேன். பதினேழு பக்கம். எள்ளுக்கு ஒரு பக்கம், எலுமிச்சைக்கு இரண்டு பக்கம், ஒலிவ எண்ணெய் மூணாறில் எந்தக் கடையில் கிடைக்கும் என்பதுகூட இருந்தது. கடலையை எப்படி வேகவைப்பது என்று ஒரு வரி இல்லை. உனக்குத் தெரியாததை நான்கு மாதம் துருவித் துருவிக் கேட்டவன், உனக்குத் தெரிந்ததை ஒரு நாளும் கேட்கவில்லை. "அளவு என்று ஒன்று வேண்டும்" என்று உன்னிடம் பாடம் எடுத்தபோதெல்லாம், நீ என் கண்ணெதிரே அளந்துகொண்டுதான் இருந்தாய்.

நீ சோடா உப்பு அளக்கும் அந்த மருந்துப் புட்டி மூடி அஞ்சறைப் பெட்டியில் இருந்தது. உன் அறையைக் காலி செய்த அன்று உன் அக்கா எடுத்து வைத்தது. எடுத்துப் பார்த்தால் உள்ளே இரண்டு கோடு, மேலே ஒன்று, கீழே ஒன்று. எந்தக் கோடு? வாரா வாரம் பார்த்தேன். செய்தித்தாளுக்கு மேலாகப் பார்த்தேன்.

மேல் கோடுவரை போட்டேன். மீதிப் பாதிக் கடலையை மறுபடியும் கொதிக்கவிட்டேன். மிக்சி ஆறட்டும் என்று கவிழ்த்து வைத்துவிட்டு, தொட்டியடியில் நின்று தோல் எடுத்தேன். என் விரலுக்குக் கடலை வழுக்கிக்கொண்டு ஓடியது. மூன்று கடலை தரையில் விழுந்து உருண்டது. முக்கால் மணி நேரம் உனக்கு. எனக்கு ஒன்றரை மணி. காலும் முதுகும் பேசின. "இன்னும் எவ்வளவு நேரம், காக்கா வந்து காத்துக் கெடக்கு" என்று உன் அக்கா சத்தம் போட்டாள். மோதிர விரலால் ஒன்றை நசுக்கிப் பார்த்தேன். மசிந்தது. மிக்சியின் அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன், உயிர் வந்தது. உறுமாமல் அரைத்தது.

இலையில் வடைக்குப் பக்கத்தில் வைத்து, நடுவில் குழித்து, எண்ணெய் ஊற்றினோம். தேய்க்கிற எண்ணெய் இல்லை, பயப்படாதே. சூடம் காட்டினோம். காகம் வடையைத்தான் எடுத்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. பிறகு உன் அக்கா ஒரு விரல் தொட்டு வாயில் வைத்தாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன்.

"சோடா வாட லேசா அடிக்கி" என்றாள். இன்னொரு முறை தொட்டாள். "தோல் இல்ல." இதைச் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அப்படியானால் மேல் கோடு இல்லை. கீழ்க் கோடுதானா, இல்லை இரண்டுக்கும் நடுவில் உனக்கென்று ஒரு கணக்கு இருந்ததா? நோட்டில் எழுதப் போனேன். முதல் பக்கத்தில் முதல் வரியிலிருந்தே எள்ளைப் பற்றி எழுதித் தள்ளியிருக்கிறேன், அதற்கு மேலே இடமில்லை. அட்டையின் உட்புறத்தில், ஊறுவது, நுரை வழிப்பது, மோதிர விரல், தோல் எல்லாம் எழுதிவிட்டேன். சோடா உப்புக்கு எதிரே மட்டும் இடம் விட்டிருக்கிறேன். மூடியை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். குனிந்து, மெதுவாகத்தான் கேட்கிறேன்.

எந்தக் கோடு மாப்ளே?