ஒரு காலில் மட்டும் சாக்ஸ்

மார்ச் 3, செவ்வாய்

நான் வந்துதான் இந்த வீடு வீடாக இருக்கிறது. இதை நானே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

பேத்திகள் இரண்டும் தங்கம். இரட்டையில் மூத்தவள் குண்டு, இளையவள் சுண்டு. பெயர் வைத்தது நான். பிறப்புச் சான்றிதழில் இருக்கும் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை.

மகன் நாளெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு வருகிறான். வந்ததும் கையைக் கழுவிவிட்டு, "நீ போய்ப் படு, நான் பாத்துக்கறேன்" என்று மருமகளை அனுப்பிவிட்டு, பீத்துணி அலசுகிறான். அவள் "தேங்க்ஸ்ங்க" என்கிறாள். துணி மாற்றினால் தேங்க்ஸ், பால் புட்டி கழுவினால் தேங்க்ஸ். என் வீட்டுக்காரர் சாகிற வரைக்கும் எனக்கு ஒரு தேங்க்ஸ் சொன்னதில்லை. நானும் எதிர்பார்த்ததில்லை. எதிர்பார்த்திருக்கலாமோ?

மார்ச் 5, வியாழன்

பிள்ளைகளுக்கு ஊசி போட்டு வந்தார்கள். இரண்டுக்கும் காய்ச்சல். டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்.

இதற்கு இவர்கள் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். மருந்து கொடுத்தவர் பிள்ளையின் இடது கால் சாக்ஸைக் கழற்றிவிட வேண்டும். அடுத்த வேளைக்கு நேரம் ஆனதும் திரும்ப மாட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மருமகள் எனக்கும் சொன்னாள். "ஒரு கால் வெறுங்காலா இருந்தா மருந்து குடுத்தாச்சுன்னு அர்த்தம் அத்தை. தூங்கறவங்கள எழுப்பிக் கேக்க வேணாம் பாருங்க."

"கணக்கு டீச்சர் வீட்டுல பிள்ளைங்களுக்கும் டிக் அடிக்கிறீங்களா?" என்றேன். சிரித்தாள். நானும் சிரித்தேன். மூன்று பெற்றவளுக்குப் பாடம் எடுக்கிறாள் இவள். நான் படித்த ஐந்தாம் வகுப்பே எனக்குப் போதும்.

மார்ச் 8, ஞாயிறு

இன்று அக்கா வந்தாள். இந்த ஊரிலேயே இருந்துகொண்டு இப்போதுதான் பிள்ளைகளைப் பார்க்க நேரம் கிடைத்தது மகாராணிக்கு. அவள் கண் எப்போதும் குறை தேடுகிற கண். நான் விடுவேனா?

மகன் வேலைக்குப் போயிருந்தான். எவனோ லிஃப்டில் மாட்டிக்கொண்டானாம், ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டுவிட்டார்கள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இன்னும் விட்டு விட்டு வருகிறது; மருமகள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் பிள்ளைகளுக்கு முகம் துடைத்து, பவுடர் போட்டு, புதுச் சட்டை மாட்டி, சாக்ஸெல்லாம் ஒழுங்காகப் போட்டுவிட்டு, பொம்மைக் கடை மாதிரி வைத்திருந்தேன். அக்காவுக்கு வாய் அடைத்துப்போய்விட்டது. "பரவாயில்லடி, நல்லாத்தான் வச்சிருக்க" என்றாள். அவள் வாயிலிருந்து இது வருவது லேசா?

கதவுச் சத்தம் கேட்கிறது. மகன் வந்துவிட்டான். மற்றதை அப்புறம் எழுதுகிறேன்.

மார்ச் 9, திங்கள்

எழுதக் கை வரவில்லை.

நேற்று மருமகள் மருந்து கொடுத்துவிட்டுத்தான் படுத்திருக்கிறாள். மகன் வந்து பார்த்தான். நாலு காலிலும் சாக்ஸ். அவளை எழுப்பாமல் இரண்டு பேருக்கும் திரும்பவும் மருந்து கொடுத்துவிட்டான்.

அவள் எழுந்து வந்து, "காய்ச்சல் விட்டுச்சா? நான் மருந்து குடுத்துட்டுதான் படுத்தேன்" என்றாள். "நானும் இப்பத்தான் குடுத்தேனே!" என்றான் மகன். அப்படியே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அந்தப் பூங்காலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். சுண்டுவுக்கு அழக்கூடச் சத்தம் வரவில்லை. "பயப்படாதீங்க, ஆனா இங்கயே வச்சுப் பாக்கணும்" என்றார் டாக்டர்.

பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கழட்டினதாத்தான் ஞாபகம். தூக்கக் கலக்கத்துல மறந்துட்டேன் போல" என்றாள் அவள்.

"நான் உன்ன எழுப்பிக் கேட்டிருக்கணும்" என்றான் அவன்.

"எழுப்பக் கூடாதுன்னுதானே பேசி வச்சோம். நீங்க என்ன பண்ணுவீங்க? தப்பு என்னுது."

"இல்ல, என்னுது."

தப்பை இரண்டு பேரும் பிடுங்கிக்கொள்கிறார்கள். செய்தவள் பக்கத்தில் நிற்கிறேன். நான்தான். என் கையால்தான் மாட்டினேன். வாயைத் திறக்க வேண்டியதுதானே? அதற்குள் யார் சொல்லியோ அக்கா போன் பண்ணினாள், "எப்படிடி ஆச்சு?" என்று. தள்ளிப் போய் நின்று சொன்னேன், "அவதான் மறந்துட்டா."

எங்கிருந்து வந்தது அந்தச் சொல்? கூசாமல் வந்ததே.

மார்ச் 10, செவ்வாய்

பிள்ளைகள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. குண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மார்ச் 12, வியாழன்

மருமகள் பால் கொடுக்கவே பயப்படுகிறாள். புட்டியை எடுத்தால், "ஏங்க, இவளுக்கு இன்னும் குடுக்கலதானே?" என்கிறாள். கொடுத்து முடித்ததும், "பாத்தீங்கல்ல, குடுத்துட்டேன்ல?" என்கிறாள். அவனும் சலிக்காமல் பதில் சொல்கிறான். வேலைக்குப் போன இடத்திலிருந்தும் போன் பண்ணிச் சொல்கிறான்.

இன்று அவள் அம்மா போன் பண்ணினார்கள். அக்கா வாய் சும்மா இருக்குமா? பெற்ற பிள்ளைக்கு மருந்து கொடுத்ததுகூட நினைவில்லாதவள் என்று சொந்தம் முழுக்கச் சொல்லிவிட்டாள். சொன்னது அவள். எடுத்துக் கொடுத்தது யார்?

போனை வைத்துவிட்டு மருமகள் அழுதாள். "நான் அம்மாவா இருக்க லாயக்கில்லங்க."

மகன் பக்கத்தில் உட்கார்ந்தான். "அப்ப நானும் லாயக்கில்ல. இனிமே புது அம்மா அப்பாவ எங்க போய்த் தேடுறது? பாவம், இதுங்க நம்மள வச்சுத்தான் ஓட்டணும்."

அழுகையோடு சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"சாக்ஸ மாட்டினது நான். அக்கா வரான்னு மாட்டினேன். அன்னைக்கே தெரியும்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

மகன் எழுந்துவிட்டான். "அம்மா! ஆஸ்பத்திரில பக்கத்துலயே நின்னியேம்மா!"

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "நாலு நாளா எனக்கு என்னமோ ஆயிடுச்சு, மூளை கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டிருக்கேன் அத்தை" என்றாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 13, வெள்ளி

பிள்ளைகள் இருக்கும் அறைப் பக்கம் நான் போகவில்லை. பையில் துணியை அடுக்கினேன். பிறகு எடுத்து வெளியே வைத்தேன். ஓடிப்போனால் எல்லாம் சரியாகிவிடுமா?

மார்ச் 15, ஞாயிறு

காலையில் எல்லாருக்கும் போன் பண்ணினேன். முதலில் அக்கா. "மறந்தது அவ இல்ல, நான்தான் கெடுத்தேன். நீ சொன்ன எல்லார்கிட்டயும் மாத்திச் சொல்லு" என்றேன். "மருமக சொல்லிக் குடுத்தாளா?" என்று கேட்டாள். "எனக்கே வாய் இருக்கு" என்றேன். படக்கென்று வைத்துவிட்டாள். நாத்தனார் உச்சுக் கொட்டினாள். சின்ன மகள், "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்றாள்.

சம்பந்தியம்மாவுக்குப் போன் பண்ணத்தான் நேரம் பிடித்தது. கூடத்திலேயே, மருமகள் காதில் விழுகிற மாதிரி உட்கார்ந்து பேசினேன். "உங்க பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. நான் பண்ணினேன். பண்ணிட்டு அவ மேல போட்டேன்." நான் திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"போதும் அத்தை" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. அதில் கோபம் அப்படியேதான் இருந்தது. "போன வச்சுட்டு வாங்க, சோறு ஆறுது."

போய் உட்கார்ந்தேன். தட்டை வைத்தாள். பிறகு குண்டுவைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டு, அவள் தட்டை எடுத்துக்கொண்டாள். அவள் மடியில் சுண்டு.

ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு, மறு கையால் சாப்பிட்டு முடித்தேன்.