சம்பந்தி வந்த ஈஸ்டர்

17.4.11, குருத்து ஞாயிறு

காலையிலேயே வெயில். ஓலை பிடிச்சிக்கிட்டுப் பவனி. தார் ரோட்டுல செருப்பு ஒட்டுது. ஜெனி ஓலையில சிலுவை மடிச்சு எல்லாருக்கும் குடுத்தா. அம்மாவுக்கு மட்டும் இல்லையாம். தலை வாரும்போது திட்டிட்டேனாம்.

மத்தியானம் ரோசி போன். இவரோட தங்கச்சி. சிதம்பரத்துல வாக்கப்பட்டு ரெண்டு வருசம், இப்ப ஆறாம் மாசம். "அண்ணி, ஈஸ்டருக்கு நாங்க வர்றோம். அத்தையும் வர்றாங்க."

கையில இருந்த கரண்டி கீழ.

அவ மாமியார் சிவகாமி அம்மா. சுத்த சைவம். மகன் கார்த்தி வேதக்காரப் பொண்ணக் கட்டுறான்னு கல்யாணத்துக்கே வரல. ரோசிய வீட்டுல சேத்துக்கிட்டாங்க, நல்லாத்தான் வச்சிருக்காங்க. ஆனா நம்ம வாசப்படி மிதிச்சதில்ல. இப்ப அவுங்களாவே கேட்டாங்களாம்.

19.4.11, செவ்வாய்

கரண்ட் இல்ல. வியர்வை. தோசைக்கு மாவு இல்ல, உப்புமா. ஜெனி மூஞ்சி தூக்கிக்கிட்டா.

பிரச்சனை மாமாதான். தவக்காலம் பூரா கறி, மீன் தொடல. ஈஸ்டர் அன்னிக்கு ஆட்டுக்கறி, அதுக்கு மாசக்கணக்கா காத்துக்கிட்டிருக்காரு. இவரு மெதுவா ஆரம்பிச்சாரு. "அப்பா, அந்தம்மா முட்டை கூட வீட்டுல சேக்காதவுங்க. கறிய பக்கத்துல செல்வி வீட்டுல ஆக்கி..."

"என் வீட்டுக் கறிய ஆக்க நான் தெருவுக்குப் போவணுமாடா?"

சட்டைய மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டாரு. எங்க அத்தை உயிரோட இருந்திருந்தா ஒரு பார்வையிலயே அடக்கிருப்பாங்க. எனக்கு அந்தப் பார்வை வரல.

22.4.11, பெரிய வெள்ளி

ஒருசந்தி, ஒரு வேளைதான் சாப்பாடு. நம்ம கோயில்ல கஞ்சி, மாங்கா ஊறுகா. சிலுவைப்பாதையில பதினோராவது இடத்துல ஜெனி தூங்கிட்டா, தோள்ல போட்டுக்கிட்டே முட்டி போட்டேன்.

திரும்பி வரும்போது மாமா திடீர்னு, "லூர்து, கறிய திங்கக்கிழமை ஆக்கிக்கலாம்."

"மாமா, உங்களுக்கு ஈஸ்டர்..."

"உயிர்த்த ஆண்டவரு திங்கக்கிழமையும் உயிரோடதான இருப்பாரு?"

சிரிச்சிட்டேன். பெரிய வெள்ளியும் அதுவுமா, நடுரோட்டுல.

23.4.11, சனி

திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட். கூட்டம். வாங்குனது: வாழக்கா, அவரை, கத்திரி, சேனை, தேங்கா 3, அப்பளம், பண்ருட்டி பலா ஒண்ணு. பலாவ இவரு தூக்கிட்டு வந்த அழகு! கூட வர்ற மாதிரியே காட்டிக்கல நான்.

புதுசா ரெண்டு பாத்திரம். கறி படாத பாத்திரம்னு சொல்லணுமே. கிரைண்டர்ல உளுந்து போட்டேன், கரண்ட் போச்சு. மாதாவே. கையாலயே வழிச்சி மிக்சிக்கு மாத்தி, கரண்ட் வந்து, திரும்பப் போயி. வடை ஆண்டவன் விட்ட வழி.

24.4.11, ஈஸ்டர்

எழுத எவ்வளவோ இருக்கு.

பதினோரு மணிக்கு வந்தாங்க. சிவகாமி அம்மா ஒல்லி, உசரம், குரல் கணீர்னு. கையில பெரிய எவர்சில்வர் தூக்கு. "கொத்சு. எங்க ஊரு கத்திரிக்கா கொத்சு. வெறுங்கையோட வருவாங்களா?" அவுங்களுக்கும் பயம்தான் போல. நாற்காலி நுனியிலயே உக்காந்திருந்தாங்க.

மாமா வெள்ள வேட்டி கட்டி அவரே எல போட்டாரு. வடை கல்லு. "மொறுமொறுன்னு இருக்கு"ன்னாங்க. நல்ல மனுசி.

சாப்பாடு முடிஞ்சி அடுப்படியில ஏனம் கழுவி ஒதுக்குறேன். பின்னாலயே வந்து நின்னாங்க. குரல் எறங்கிப் போச்சு.

"ஏம்மா லூர்து, நெத்திலின்னா கருவாடா?"

"ஆமாம்மா, காய வச்ச நெத்திலி மீனு. ஏன்?"

"ரோசி தூக்கத்துல அதைத்தான் கேக்குறா. காலையில என்னா வேணும்னு கேட்டா, வாழக்காவே போதும் அத்தைங்குறா. பிள்ளத்தாச்சிப் பொண்ணு வாயக் கட்டலாமா? எங்க வீட்டுல அடுப்பேத்த என்னால முடியாது. மனசு வரல. அதான் இங்க கூட்டியாந்தேன். இன்னிக்கே வச்சிக் குடு. நான் வெளிய உக்காந்துக்குறேன்."

அவுங்க கையப் பிடிச்சேன், என் கையெல்லாம் சோப்பு நுரை.

செல்வி வீட்டுக்கு ஓடி நெத்திலி வாங்கியாந்தேன். கத்திரிக்கா, மாங்கா போட்டுக் குழம்பு. சிவகாமி அம்மா வேப்ப மரத்தடியில மூக்குல முந்தானை. பக்கத்துல மாமா விசிறியோட, வாசனைய அந்தப் பக்கம் தள்ளுறாராம்.

ரோசி முதல் வாயிலயே அழுதுட்டா. கார்த்தி பதறி, "காரமா?" அவ இல்லன்னு தலையாட்டிக்கிட்டே அடுத்த உருண்டை.

வெளியிலேர்ந்து குரல்: "இந்த நாத்தத்துக்கா இம்புட்டு அழுக? நல்லா சாப்புடச் சொல்லு!"

மாமா சிரிச்ச சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். அத்தை போனப்புறம் அப்படிக் கேட்டதில்ல.

26.4.11, செவ்வாய்

நேத்து கறி, தூக்கம், வேற ஒண்ணும் எழுத முடியல. இன்னிக்குத் துணி மூட்டை.

சாயங்காலம் போன். ரோசின்னு நெனச்சேன். சிவகாமி அம்மா, நேரா எனக்கே! வைகாசியில வளைகாப்புக்கு நாள் பாத்துட்டாங்க. நம்ம கோயில் சாமியாரையும் கூப்பிடணுமாம்.

அப்புறம் கொஞ்சம் தயங்கி, "பிரசவத்துக்கு அங்கதான அழச்சிட்டுப் போவீங்க? நானும் வந்து ஒரு மாசம் கூட இருக்கலாமா?"

"இது என்னம்மா கேள்வி, வந்து ஒரு மாசம் இருங்க"ன்னு கத்திட்டேன். போன வச்சப்புறம்தான் யோசனை. பேன் ஒழுங்கா ஓடுற ரூம் மாமாவோடது ஒண்ணுதான். அவருகிட்ட எப்படிக் கேக்குறது?

எழுதிக்கிட்டிருக்கும்போதே உள்ள சத்தம். எட்டிப் பாத்தா, மாமா தன் கட்டில ஹாலுக்கு இழுத்துக்கிட்டிருக்காரு. இன்னும் மூணு மாசம் இருக்கு மாமா!