கை விரித்து நின்ற நைனாவுக்கு

என் நைனா,

இன்றைக்கு மறுதேர்வு முடிந்தது. பிசியோதெரபி முதல் வருடத்தில் உன் மகள் கோட்டை விட்டாளே, அந்த உடற்கூறியல் வாய்மொழித் தேர்வுதான். போன தடவை எதில் தவறினேன் என்று ஞாபகம் இருக்கிறதா? வலது எது, இடது எது என்பதில். கேட்டதும் நீ சிரித்த சிரிப்பு பக்கத்து வீடு வரை கேட்டது.

உடம்பைப் படிக்க ஒரு நிலை உண்டு. நேராக நிற்க வேண்டும், கைகள் பக்கவாட்டில் தொங்க, உள்ளங்கைகள் முன்னால் பார்க்க வேண்டும். வலது, இடது எல்லாம் அப்படி நிற்கிற ஆளுடையது. நானோ எதிரே நின்று என் வலதையே அவருடைய வலது என்று சொல்லித் தொலைப்பேன்.

பழகிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்றேன். கும்மிடிப்பூண்டி கம்பி ஆலையில் ஷிப்ட் முடித்து வந்த நீ, டீகூடக் குடிக்காமல் சுவரோரம் நின்றாய். புத்தகப் படத்தைப் பார்த்து, "இன்னாம்மா இவன், இல்லன்னு கைய விரிச்சிக்கினு நிக்கிறான்?" என்றாய். "அவ சொல்றா மாரி நில்லுய்யா, டீ ஆறுது" என்றாள் அம்மா.

இடது கையை உடனே திருப்பினாய். வலது கையை நான்தான் பிடித்துத் திருப்பினேன். ஆலையில் பழுக்கக் காய்ந்த கம்பி பட்ட தழும்பு உண்டு என்று தெரியும். ஆனால் உள்ளங்கை முழுக்க அது பரவியிருந்ததை அன்றுதான் பார்த்தேன். எத்தனை வருடமாக நைனா அதை மூடியே வைத்திருந்தாய்?

"இன்னாத்துக்கு அழுவுற? தழும்பு கீற கை வலதுன்னு வச்சிக்கோ. மேட்டர் ஓவர்" என்றாய்.

அடுத்த மாதமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆட்டோவில் அள்ளிக்கொண்டு ஓடினோம். டாக்டர் கையை விரித்துவிட்டார்.

இன்றைக்கு மேடம் ஒரு பொம்மையை நிறுத்தி, "இவரோட வலது கை எது?" என்று கேட்டார். நான் பொம்மையைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்தேன். தழும்பு இருந்த பக்கத்தைத் தொட்டேன். சரி என்றார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

படிப்பை முடிப்பேன் நைனா. மடங்கிய கையோடு என்னிடம் வருகிற யாருக்கும் முடியாது என்று சொல்ல மாட்டேன். நீ மட்டும் சொன்னாயா என்ன? நீ எனக்குக் கை விரித்தது ஒரே ஒரு தடவைதான். அதுவும் நான் கேட்டதால்.

உன் வலது கையை இனி மறக்காத,
உன் மகள்