ஒரு நாளைக்கு ஏழு ஏன்

மே 8

இன்றும் எலுமிச்சம்பழம்தான். மூன்று மாதமாக நறுக்குகிறேன். திருச்சி மாவட்டத்தில் நான் வெட்டாத எலுமிச்சம்பழம் இனிமேல்தான் காய்க்க வேண்டும்.

ரெஜிஸ் அண்ணன் கல்யாண மண்டபங்களில் மாக்டெயில், அதாவது மது இல்லாத கலவைப் பானம், கவுண்டர் போடுகிறவர். அதற்கு முன் பதினாறு வருடம் ஹோட்டல் பாரில் இருந்தார். எங்கேயும் படித்ததில்லை, நின்றே கற்றவர். போன வருடம் பிளஸ் டூ முடித்த நான் அவரிடம் சேர்ந்ததே, இருபத்தொரு வயதானதும் பெரிய ஹோட்டல் பார் ஒன்றில் நானும் அப்படி நிற்க வேண்டும் என்றுதான். வீட்டில் என்னை வால் என்பார்கள். மாக்டெயில், காக்டெயில், எல்லாவற்றிலும் டெயில் இருக்கிறதே. பொருத்தம்தானே?

ஆனால் மனிதர் எதையாவது சொன்னால்தானே!

"சிரப் எவ்வளவுண்ணே?"

"போதும்ங்கற வரைக்கும்."

"எப்பப் போதும்?"

"போதும்னு தெரியறப்ப. பழத்த நறுக்கு, வேனிலு."

இளவேனில் என்ற என் பெயரைக்கூடப் பாதிதான் ஊற்றுகிறார்.

மே 9

நான் கேட்டரிங் படிப்பதாகத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள் அம்மா. "பார்னா பாருன்னுதானேம்மா அர்த்தம்?" என்றேன். கரண்டி பறந்து வந்தது. குனிந்துவிட்டேன்.

மே 12

கே.கே. நகரில் புதிதாக ஒரு பார்டெண்டிங் பள்ளி. ஆறு மாதம் படித்தால் சான்றிதழ். முதல் மூன்று நாள் சும்மா வந்து பார்க்கலாம். சேருவதென்றால் மே 31 கடைசி. விண்ணப்பத்தைக் கொண்டுவந்தது யார்? அப்பா! அரியமங்கலத்து லேத் பட்டறையில் முப்பது வருடம், எல்லாம் கைப்பழக்கம். அவருக்கு இப்போது என் பெயரில் ஒரு பேப்பர் வேண்டுமாம்.

ரெஜிஸ் அண்ணனிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்த்தேன். "அங்க போறவங்க அங்கயே இருந்துக்கட்டும். நம்ம கவுண்டர் பக்கம் வர வேணாம்."

படிக்காதவர் ஒருவர் படி என்கிறார். படிக்காத இன்னொருவர் படிக்காதே என்கிறார். நடுவில் என்னைப் பிழிகிறார்கள்.

மே 15

மூன்று நாளும் ரகசியமாக வகுப்புக்குப் போய்வந்தேன். ரெஜிஸ் அண்ணனிடம் சொன்ன காரணம் பல்வலி. மூன்று நாளும் வேறு வேறு பல்.

இந்த வெயிலிலும் கோட் மாட்டிய மாஸ்டர். இருபத்தொன்று ஆகாதவர்களுக்கு எல்லாப் பாட்டிலிலும் கலர் தண்ணீர். அதை ஆட்டு, இதில் கலக்கு, அதில் ஊற்று - குடிக்கத்தான் ஆள் இல்லை. வெறும் விளையாட்டுச் சாமான்.

ஆனால் கேட்டால் பதில் வருகிறது! முப்பது மில்லி ஏன், ஐஸ் ஏன் முதலில், எல்லாவற்றுக்கும். ருசி பார்க்காத கிளாஸ் கவுண்டரைத் தாண்டவே கூடாது என்றார். ஸ்ட்ராவைக் கிளாஸில் விட்டு, மேல்முனையை விரலால் அடைத்துத் தூக்கி, ஒரு சொட்டு நாக்கில். என்ன கெத்து!

மே 18

எழுதக் கை வரவில்லை.

ஸ்ரீரங்கத்தில் கல்யாண வரவேற்பு. பாதியில் ஐஸ் தீர்ந்து ரெஜிஸ் அண்ணன் வேனை எடுத்துக்கொண்டு போனார். முதல் முறையாகக் கவுண்டர் என் கையில். வரிசையாகக் கிளாஸ். ஒவ்வொன்றிலும் புது ஸ்ட்ரா விட்டு ருசி பார்த்தேன். ஒவ்வொன்றிலும்! பட்டுப்புடவை மாமி ஒருவர் கண்கொட்டாமல் பார்த்தார். ரசிக்கிறார் என்று நினைத்து விரலை இன்னும் ஸ்டைலாகத் தூக்கினேன்.

"என்னடி கொழந்தே, நீ குடிச்சுட்டு எங்களுக்குத் தரியா?"

"புது ஸ்ட்ரா மாமி…"

"ஸ்ட்ரா புதுசுன்னா? எச்சல் எச்சல்தானே! ஏன்னா, இங்க செத்த வாங்கோ!"

வந்தார்கள், பெண்ணின் பெரியப்பா வரைக்கும். "அத்தனையும் கொட்டிடுங்கோ." நாற்பது கிளாஸ். கொட்டியதும் நான்தான். ஏற்கெனவே குடித்துவிட்ட இரண்டு பேர் வாய் கொப்பளிக்க ஓடினார்கள்.

ஐஸோடு வந்த ரெஜிஸ் அண்ணன், "தப்பு என்னுது, மன்னிச்சிருங்க" என்று எல்லோர் முன்னாலும் கைகூப்பினார். வேனில் ஏறியதும்தான் கேட்டார்: "எவன் சொல்லிக்குடுத்தான் இத?" மூன்று பல்லும் வெளியே வந்தன. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார். "அங்கயே போய்ப் படி. நாளைலேர்ந்து வராத."

அவர் எப்படி ருசி பார்ப்பார்? ஜக்கிலிருந்து ஸ்பூனால் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, திரும்பி நின்று ருசித்துவிட்டுக் கை கழுவுவார். மூணு மாசமாப் பாத்திருக்கேன். ஏதோ பழக்கம்னு விட்டுட்டேன். ஏண்ணேன்னு ஒரு வார்த்த நான் கேக்கல. அந்த மனுசனும் சொல்லல! சொல்லித் தொலைச்சிருந்தா என்னவாம்?

மே 19

வேனில் இனி அந்த வேனில் இல்லை. எழுதிவிட்டேன், சிரிப்பு வரவில்லை.

மே 21

மாஸ்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். எச்சில் பார்க்கிற இடத்தில் எப்படி சார் ருசி பார்ப்பது?

"அது லோக்கல் ப்ராப்ளம்மா. நம்மது இன்டர்நேஷனல் ஸ்டாண்டர்டு."

"நான் லோக்கல்லதானே சார் ஊத்தப் போறேன்?"

"சிலபஸ்ல இல்ல."

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த ஆள்! இவர் சொல்வது இங்கே ஆகாது. ரெஜிஸ் அண்ணன் செய்வது ஆகும், ஆனால் வாயைத் திறக்க மாட்டார். நான் யாரிடம்தான் கற்றுக்கொள்வது, கண்ணாடியிடமா?

மே 24

அப்பாவோடு சண்டை.

"எனக்கு வேல தெரியும்மா. ஏன் அப்படிச் செய்யறேன்னு எழுதத்தான் தெரியாது. நேத்து வந்தவன் எழுதிக் காட்டிட்டு எனக்கு சூப்பர்வைசராயிட்டான். நீயும் அப்படி நிக்கணுமா?"

காத்தமுத்து என்று தன் பெயரை எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டு, விண்ணப்பத்தை டிவி மேல் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

மே 28

விண்ணப்பத்தோடு கே.கே. நகர் பஸ்ஸுக்குத்தான் நின்றேன். வந்தது. ஏறவில்லை. ரெஜிஸ் அண்ணனின் குடோனுக்கு நடந்தேன். கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன, எல்லாப் பல்லும் சரியாயிருச்சா?"

"நான் திரும்ப வரேண்ணே. ஒரே கண்டிஷன். ஏன்னு கேட்டா பதில் சொல்லணும். நான் எழுதி வச்சுக்குவேன்."

"வெரட்டிவிட்ட புள்ளைக்குக் கண்டிஷன் வேறயா?"

"நீங்க சொல்லியிருந்தா நாப்பது கிளாஸ் தப்பிச்சிருக்கும்."

துணியைக் கீழே வைத்தார். "எனக்கு எவன் சொன்னான்?" என்றார் பிறகு. கோபமா, வேறேதாவதா, தெரியவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தன ஏன்?"

"பத்து."

"அஞ்சு."

"எட்டுண்ணே."

"ஏழு. அதுக்கு மேல ஒண்ணு கேட்ட, நடந்துதான் வீட்டுக்குப் போவ."

மே 31

கடைசி நாள். சேரவில்லை. அப்பா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. நான் சாப்பிட்டேனா என்பதைக்கூட அம்மாவிடம் கேட்கிறார், நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே.

ஜூன் 3

"சோடா ஏன் கடைசியா?" "மொதல்ல ஊத்தினா கலக்கறதுலயே நுரை செத்துரும்." பதினாறு வருட ரகசியம் ஒரு வரிதானா? இதற்கா இத்தனை பிகு?

ஜூன் 6

அவர் பதில்களை எழுதும் நோட்டில் இருபத்தொன்பது பக்கம் ஆகிவிட்டது. ஆறாம் பக்கத்தில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் தடம், பட்டறை எண்ணெய். யார் படித்தது என்று நான் கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. பேச்சு இன்னும் கிடையாது.

இன்றைய ஏழும் மண்டபத்துக்குப் போகும் முன்பே தீர்ந்துவிட்டன. வாயைக் கட்டிக்கொண்டு கவுண்டர் அடுக்கினேன். புதினா இலையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தட்டிக்கொண்டிருந்த ரெஜிஸ் அண்ணன் சட்டென்று நிறுத்தினார்.

"இதத் தட்டிப் போட்டா மணக்குது, இடிச்சுப் போட்டா கசக்குது. ஏன் வேனிலு?"

"என்னையா கேக்கறீங்க? நீங்கதானே பதினாறு வருஷத்துக்கு மேலாத் தட்டறீங்க!"

"தட்டறேன். ஏன்னு தெரியலயே."

எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? அதுவும் விருந்தாளிகள் வந்து நிற்கிற நேரத்திலா கேட்பது? ஏதாவது கடி ஜோக் சொல்லி நழுவலாம் என்று பார்த்தேன்.

அவர் கையில் இலையோடு அப்படியே நின்றார், நான் சொல்லட்டும் என்று.