கடல் ராணியின் மூக்கு

ஆவணி வெள்ளி, இரவு.

மூத்த பேரன் எஞ்சினியர். அடுத்தவள் டொக்டருக்குப் படிக்கிறாள். கனடாவில் இருக்கும் கடைக்குட்டி துஷா, தோழியோடு சேர்ந்து ஆறு வருடமாக ஒரு மாயக்கதையைப் படப்புத்தகமாக வரைகிறாள். நயினாதீவுக் கடலில் புயலைக் கயிற்றில் கட்டி மேய்க்கும் ராணியின் கதை. சின்ன வயதில் நான் அவளுக்குச் சொன்னது.

இன்று போனில் ராணியைக் காட்டினாள். அச்சு அசல் தோழியின் அம்மம்மா, நெடுந்தீவுக் கனகம்!

"கதை என்ர, முகம் அவளின்ரையோ?"

"உங்கட அடையாள அட்டைப் படம்தானே அம்மம்மா என்னட்டை இருக்கு. அதில பேய்முழியெல்லோ முழிக்கிறியள்!"

சோறு இறங்கவில்லை. கனகத்தின் மூக்கும் ஒரு மூக்கா?

முதல் பாகம்தான் வரைந்து முடிந்ததாம், இரண்டாம் பாகம் இனித்தானாம். நாளைக்கே கழுத்துக்கு அட்டியல் போட்டுப் புதுப்படம் எடுத்து அனுப்புவேன். கனகத்தை அழித்துவிட்டு அதைப் போடு பிள்ளை.